கன்சல்டன்ட்டுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

வெளிநாட்டில் படிக்கலாம் என்று முடிவெடுத்த கையோடு எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "நல்ல கன்சல்டன்ட் யாராவது தெரியுமா?" நானும் அந்த வழியாகப் போய் வந்தவன் என்பதால் இது எனக்கு அடிக்கடி வரும். எந்த நாடு, என்ன படிப்பு, முடித்த பிறகு என்ன யோசனை என்று திருப்பிக் கேட்டால், "அதைத்தானே கன்சல்டன்ட் சொல்வார்?" என்பார்கள். சரி, ஒருமுறை விரிவாக எழுதி வைத்துவிட்டால் அடுத்து கேட்பவருக்கு இணைப்பை அனுப்பிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் இந்தத் தொழிலில் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் கிளம்புகிறது. "எங்கள் சேவை முற்றிலும் இலவசம்" என்று எழுதி வைத்திருக்கும் அலுவலகத்துக்கும் வாடகை உண்டு, ஊழியர்களுக்குச் சம்பளம் உண்டு, விளம்பரச் செலவு உண்டு. அதையெல்லாம் கட்டுவது பல்கலைக்கழகங்கள். நீங்கள் சேர்ந்து, கட்டணம் கட்டி, வகுப்பு தொடங்கி, பணத்தைத் திரும்பக் கேட்க முடியாத தேதியும் தாண்டிய பிறகு, உங்கள் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு ஏஜென்ட்டுக்கு, அதாவது உங்கள் கன்சல்டன்ட்டுக்கு, போகும். 10 முதல் 20 சதவீதம் என்பது இந்தத் தொழிலில் சாதாரணமாகப் பேசப்படும் அளவு. மாணவர் கிடைக்காமல் திண்டாடுகிற இடங்கள் அதற்கு மேலும் கொடுக்கும், இத்தனை பேரைச் சேர்த்துவிட்டால் தனி போனஸ் என்றும் கொடுக்கும்.

இதில் ஒளிவுமறைவாகவோ சட்டவிரோதமாகவோ எதுவும் இல்லை. ஆனால் இதனால் என்ன ஆகும் என்று அரசாங்கங்களுக்கே நன்றாகத் தெரியும். அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் கல்வி உதவித் திட்டங்களில் இருக்கும் கல்லூரிகள், உள்நாட்டு மாணவர்களைப் பிடித்துத் தருபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கக் கூடாது என்று 1992-லேயே உயர்கல்விச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆள் சேர்ப்பவர் தன் வருமானத்துக்காக மாணவரைப் பொருந்தாத இடத்தில் தள்ளிவிடுவார் என்ற பயம்தான் காரணம். அதே சட்டத்தில், அந்த உதவிக்குத் தகுதியில்லாத, வெளிநாட்டில் வசிக்கும் வெளிநாட்டு மாணவர்களைப் பிடித்துத் தருவதற்கு மட்டும் விதிவிலக்கு! தங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தடுத்ததை நம் பிள்ளைகளுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டின் அட்மிஷன் ஆலோசகர்கள் சங்கமும் வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் கமிஷனுக்கு இருந்த தடையை 2013-ல் தளர்த்திவிட்டது.

இதனால் உங்களுக்கு முன்னால் வைக்கப்படும் பட்டியல் எப்படி மாறும் என்று பார்க்க ஜெர்மனியைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் கட்டணம் வாங்கத் தொடங்கியது, இப்படி சில விலக்குகள் உண்டு. மற்றபடி கட்டணம் இல்லாத இடத்தில் அதில் பங்கு எப்படிக் கிடைக்கும்? ஆகவே கமிஷனை மட்டும் நம்பி ஓடும் அலுவலகத்தில் போய் ஜெர்மனி என்றால், ஒன்று அங்கிருக்கும் தனியார் கல்லூரிகளின் பட்டியல் வரும், இல்லையென்றால் "உங்க ப்ரொஃபைலுக்கு ஜெர்மனி கஷ்டம், யூகே பண்ணலாமே" என்று பேச்சு திரும்பும். உங்கள் ப்ரொஃபைல் நன்றாகத்தான் இருக்கும், அவர்களுடைய வரவு செலவுக் கணக்கில்தான் ஜெர்மனி கஷ்டம்.

ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் பலவற்றுக்கு யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாக விண்ணப்பிக்கலாம். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. படிப்புகளைத் தேடுவதற்கு ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாடின் (DAAD) தளம் இலவசம். பொறுமையாக ஒரு வாரம் உட்கார்ந்தால் நீங்களே செய்துவிடலாம். இதே வேலைக்கு "ஜெர்மனி ஸ்பெஷல் பேக்கேஜ்" என்று பெரிய தொகை வாங்கும் இடங்களும் இருக்கின்றன. வாங்கட்டும், நேரமில்லாதவர்கள் கொடுக்கட்டும். ஆனால் அந்தத் தொகையில் எவ்வளவு விண்ணப்பக் கட்டணம், எவ்வளவு அவர்கள் கூலி என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கமிஷன் வாங்குபவர் எல்லோரும் திருடர் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல கவுன்சிலர்களைப் பார்த்திருக்கிறேன். நடுராத்திரியில் மாணவி அழுதுகொண்டே கூப்பிட்டாலும் எடுத்துப் பேசுகிறவர்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒரு நாள் குறைவதைக் கண்டுபிடித்து விசாவைக் காப்பாற்றியவர்கள். யூகே மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், ஒரே ஒரு நாள் தொகை கீழே இறங்கினாலும் போச்சு, அந்த 28 நாள் முடியும் தேதி விண்ணப்பிக்கும் நாளிலிருந்து 31 நாளுக்குள் வேறு இருக்க வேண்டும். இந்த மாதிரி விஷயத்தில் நூறு ஃபைல் பார்த்த கண்ணுக்கு மதிப்பு உண்டு. என் கருத்து இவ்வளவுதான்: காகித வேலைக்குக் கன்சல்டன்ட்டை நம்பலாம், எங்கே படிப்பது என்ற முடிவுக்கு நம்பக் கூடாது. நாடும் படிப்பும் தோராயமாக ஐந்தாறு பல்கலைக்கழகங்களும் உங்கள் கையில் எழுதி இருக்கும்போது அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தால் உரையாடலே வேறு மாதிரி நடக்கும்.

எப்படி வேறு மாதிரி என்றால், நண்பன் ஒருவனின் தங்கை போன வருடம் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனாள். டேட்டா சயின்ஸ் படிக்க வேண்டும், ஆறு பெயர் எழுதிக்கொண்டு போனாள். கவுன்சிலர் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டு, வேறு நான்கு பெயர் போட்டு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். வெளியே வந்ததும் போன் செய்தாள்.

"அண்ணா, நான் எழுதினதுல ஒண்ணுகூட அதுல இல்ல. கேட்டா இதெல்லாம் ரிஸ்க்னு சொல்றாங்க."

"எதனால ரிஸ்க்னு கேட்டியாம்மா?"

"கேட்டேன். எங்க அனுபவத்துல சொல்றோம்ங்கிறாங்க."

இந்த "எங்க அனுபவத்துல" என்பதை எழுந்து வருவதற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம். மதிப்பெண் போதவில்லை, கணிதப் பாடங்கள் குறைவு, ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பிரிவுக்கு இன்னும் அரைப் புள்ளி தேவைப்படும், இந்த இன்டேக்குக்கான (சேர்க்கைப் பருவத்துக்கான) தேதி முடிந்துவிட்டது, இப்படி ஏதாவது காரணம் சொன்னால் அது ஆலோசனை. காரணம் சொல்லாமல் பெயரை மட்டும் மாற்றினால் அது விற்பனை. அவள் அந்த ஆறில் நான்குக்குத் தானே விண்ணப்பித்தாள். இரண்டில் கிடைத்தது.

ஆகவே முதல் சந்திப்பில் நான் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: "உங்களோடு ஒப்பந்தம் இல்லாத பல்கலைக்கழகத்துக்கும் எனக்காக விண்ணப்பிப்பீர்களா, அதற்கு என்ன கட்டணம்?" நேர்மையான இடத்தில் இதற்குத் தயாராகப் பதில் இருக்கும். "செய்வோம், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு" என்பார்கள், அல்லது "செய்வதில்லை, நீங்களே செய்துகொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்பார்கள். இரண்டுமே நல்ல பதில். முகம் மாறினாலோ, அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தாலோ உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது. அப்படியே இன்னொன்றும் கேட்டுவிடுங்கள், மாணவரிடமும் கட்டணம் வாங்கி பல்கலைக்கழகத்திடமும் கமிஷன் வாங்குகிறீர்களா என்று. இரண்டு பக்கமும் வாங்குகிற இடங்கள் ஏராளம். வாங்கக் கூடாது என்றில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நாங்கள் அதிகாரபூர்வ ஏஜென்ட்" என்று சொன்னால் சரிபார்ப்பது சுலபம். பல பல்கலைக்கழகங்கள் எந்த நாட்டில் யார் தங்கள் ஏஜென்ட் என்ற பட்டியலைத் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கும். ஆஸ்திரேலியாவில் இது சட்டம், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் ஏஜென்ட்டுகளின் பட்டியலை வைத்திருந்து தளத்தில் வெளியிட வேண்டும். 2018-ன் தேசிய விதித்தொகுப்பின்படி ஒவ்வொரு ஏஜென்ட்டோடும் எழுத்துபூர்வ ஒப்பந்தமும் இருக்க வேண்டும். யூகே என்றால் பிரிட்டிஷ் கவுன்சிலின் பயிற்சியை முடித்த கவுன்சிலர்களைத் தேடிப் பார்க்க வழி இருக்கிறது. அமெரிக்காவுக்கு அனுப்பும் ஏஜென்சிகளைச் சோதித்துச் சான்று கொடுக்க ஏஐஆர்சி என்று ஓர் அமைப்பு 2008-லிருந்து இருக்கிறது.

பட்டியலில் அந்த அலுவலகத்தின் பெயர் இல்லை என்றால் பொய் சொல்கிறார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம், துணை ஏஜென்ட்டாக இருக்கலாம். சின்ன அலுவலகங்கள் நிறைய இப்படித்தான் ஓடுகின்றன. இவர்களுக்குப் பல்கலைக்கழகத்தோடு நேரடித் தொடர்பு இருக்காது, பெரிய ஏஜென்சியோ ஒரு இணையதளமோ நடுவில் இருக்கும், உங்கள் ஃபைல் அதன் வழியாகப் போகும், கமிஷனும் அங்கே பிரியும். சிக்கல் எப்போது என்றால், ஏதாவது கோளாறு வந்து பல்கலைக்கழகத்திடம் அவசரமாகப் பேச வேண்டும் என்னும்போது இவர் அவரிடம் கேட்பார், அவர் இன்னொருவரிடம் கேட்பார், உங்களுக்குக் கிடைப்பது "ஃபாலோ அப் பண்ணியிருக்கோம்" என்ற வாட்ஸப் செய்தி மட்டும்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாக இருக்க வேண்டும், பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்க வேண்டும். பல அலுவலகங்களில் உங்கள் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்கி அவர்களே வைத்துக்கொள்வார்கள். "நீங்க மிஸ் பண்ணிடுவீங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்பார்கள். கேட்க அக்கறையாக இருக்கும். ஆனால் பல்கலைக்கழகம் உங்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் முதலில் படிப்பது அவர்கள்தான். எந்த ஆஃபர் வந்தது, எது வரவில்லை, எதில் ஸ்காலர்ஷிப் கொடுத்தார்கள், எது விண்ணப்பிக்கப்படவே இல்லை என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். அதிகக் கமிஷன் தரும் இடத்தின் ஆஃபர் முதல் நாளே கைக்கு வந்து, மற்றது கெடு முடிந்த பிறகு வந்தால் நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அவர்களுக்கு நகல் போகட்டும், அதில் தவறில்லை. இந்த ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

எஸ்.ஓ.பி., அதாவது இந்தப் படிப்பு ஏன் என்று விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதிக் கொடுக்கும் கட்டுரை, அந்த விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். "எழுதிக் கொடுத்துடுவோம், கவலைப்படாதீங்க." யாருடையதையோ எடுத்துப் பெயரும் பாடமும் மாற்றின கட்டுரை வரும், சின்ன வயதிலிருந்தே உங்களுக்குத் தொழில்நுட்பத்தில் தீராத ஆர்வம் என்று ஆரம்பிக்கும். அட்மிஷன் அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒரே நாளில் அதே ஆரம்பத்தைப் பலமுறை படிப்பவர்கள். அதைவிடப் பெரிய தொந்தரவு பின்னால் வரும். யூகேயில் நம்பகத்தன்மையைச் சோதிக்க நேர்காணல் வைப்பார்கள், அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவுக்குத் தூதரகத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும், ஆஸ்திரேலியாவில் 2024 மார்ச்சிலிருந்து உண்மையான மாணவர்தானா என்று பார்க்கும் கேள்விகளுக்கு விண்ணப்பத்திலேயே விடை எழுத வேண்டும். இந்தப் படிப்பு ஏன், இந்த இடம் ஏன் என்பதுதான் எல்லா இடத்திலும் கேள்வி. உங்கள் எஸ்.ஓ.பி.யில் இருக்கிற பேராசிரியர் பெயர் உங்களுக்கே தெரியவில்லை என்றால் என்ன சொல்வீர்கள்? நீங்கள் எழுதுங்கள், அவர்கள் திருத்தட்டும்.

விசாவுக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கிறது. கல்லூரியில் சேர்த்துவிடுவது ஒரு வேலை, குடியேற்றச் சட்ட ஆலோசனை சொல்வது வேறொரு வேலை, இரண்டாவதற்குப் பல நாடுகளில் உரிமம் வேண்டும். கனடாவில் பணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் குடியேற்ற விஷயத்தைக் கையாள வழக்கறிஞராகவோ, 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட குடியேற்ற மற்றும் குடியுரிமை ஆலோசகர்கள் கல்லூரியில் உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும் (கல்லூரி என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது ஒழுங்குமுறை அமைப்பு). ஆஸ்திரேலியாவுக்குள் இருந்துகொண்டு ஆலோசனை சொல்பவரும் அப்படித்தான், பதிவுபெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட்டாகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். இரண்டு நாடுகளிலும் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கும் பொதுப் பதிவேடு உண்டு. நியூசிலாந்தும் உரிமம் கேட்கிற நாடுதான், ஆனால் வெளிநாட்டில் இருந்துகொண்டு மாணவர் விசாவுக்கு மட்டும் ஆலோசனை சொல்பவருக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ஏற்கெனவே விசா மறுக்கப்பட்டவர், படிப்பில் நீண்ட இடைவெளி உள்ளவர், குடும்பத்தோடு போக நினைப்பவர், இவர்களெல்லாம் இலவச ஆலோசனையில் மிச்சம் பிடிக்காமல் உரிமம் உள்ள ஒருவரிடம் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிப் பேசுவது மேல்.

"விசா கேரண்டி" என்று யாராவது சொன்னால்? எந்த நாட்டு விசா அதிகாரியும் எந்தக் கன்சல்டன்ட்டுக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அப்படிச் சொல்கிறவர் ஒன்று சும்மா சொல்கிறார், அல்லது காகிதத்தில் ஏதோ செய்யப் போகிறார். இரண்டாவதுதான் பயங்கரம், ஏனென்றால் தண்டனை முழுக்க உங்கள் பெயரில் விழும். போலிச் சான்றிதழோ பொய்த் தகவலோ கண்டுபிடிக்கப்பட்டால் கனடா 5 ஆண்டுக்கு உள்ளே விடாது, யூகே 10 ஆண்டு, ஆஸ்திரேலியா 3 ஆண்டு, அமெரிக்கா நிரந்தரமாகவே தகுதியிழப்பு. ஏஜென்ட்தான் செய்தார், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவது கடினம், விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது. கணக்கில் பணம் காட்டுவதற்கு "நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்பதும், வேலை பார்க்காத இடத்தில் அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதும் இந்த வகைதான்.

2023-ல் கனடாவில் நடந்தது நினைவிருக்கலாம். பல வருடத்துக்கு முன் போய், படித்து, வேலை பார்த்து, நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்த சமயத்தில்தான் தங்கள் சேர்க்கைக் கடிதமே போலி என்று பல மாணவர்களுக்குத் தெரியவந்தது, நாடு கடத்தும் உத்தரவு வரை போனது. அங்கே போய் இறங்கியதும் "அந்தக் கல்லூரியில் இடம் இல்லையாம், வேறு கல்லூரி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார், அவர்களும் நம்பி வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 2023 டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கனடா அரசு நேரடியாகக் கல்லூரியிடம் கேட்டு உறுதிசெய்கிறது. நீங்களும் செய்யலாமே. கடிதம் வந்ததும் கல்லூரியின் சொந்தத் தளத்தில் இருக்கும் அட்மிஷன் முகவரிக்கு, கடிதத்தில் அச்சடித்திருக்கும் முகவரிக்கு இல்லை, உங்கள் மாணவர் எண்ணைப் போட்டு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

அமெரிக்காவில் இன்னும் விநோதம். ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று மிச்சிகனில் ஒன்று இருந்தது. தளம் இருந்தது, அரசு அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருந்தது. ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. விசா மோசடியைப் பிடிக்க அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகளே நடத்திய போலிப் பல்கலைக்கழகம் அது என்று 2019 ஜனவரியில் வெளியே வந்தது. சுமார் 600 மாணவர்கள் சேர்ந்திருந்தார்கள், ஆள் சேர்த்துக் கொடுத்த எட்டுப் பேர் மீது வழக்குப் போட்டார்கள், மாணவர்கள் பலரைக் கைது செய்து வெளியேற்றினார்கள். அரசே வலை விரித்தது நியாயமா என்று அங்கேயே பெரிய சண்டை நடந்தது, எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. ஆனால் வகுப்புக்கே போகாமல் விசா நிலைக்கும் என்று ஒருவர் சொல்லும்போது நம் மூளையில் மணி அடித்திருக்க வேண்டாமா?

கன்சல்டன்ட்டின் தரத்தைச் சோதிக்க எனக்குப் பிடித்த இன்னொரு வழி, சமீபத்திய விதி மாற்றத்தைப் பற்றித் தெரியாத மாதிரி கேட்பது. கனடாவில் அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி நடத்தும் படிப்புகளில் 2024 மே 15-லிருந்து சேர்ந்தவர்களுக்குப் படித்த பிறகான வேலை அனுமதி கிடையாது. அரசின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் கல்லூரி பெயர் இருக்கும், படிப்பும் உண்மைதான், ஆனால் வேலை அனுமதி இல்லை. யூகேயில் 2024 ஜனவரியிலிருந்து சாதாரண முதுகலைப் படிப்புக்குப் போகிறவர் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது, படித்த பிறகு தங்கி வேலை தேடும் 2 ஆண்டு விசா 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. இதையெல்லாம் கேட்டால் கையில் தேதியோடு பதில் சொல்பவர் தொழிலைப் படிக்கிறவர். "அதெல்லாம் அங்க போனா பார்த்துக்கலாம், போனவங்க எல்லாரும் செட்டில் ஆயிட்டாங்க" என்பவருக்கு உங்கள் வகுப்பு தொடங்கியதோடு வேலை முடிந்துவிடும், நீங்கள் செட்டில் ஆவதும் ஆகாததும் அவர் கணக்கில் வராது.

சுவர் முழுக்க விசா கிடைத்தவர்களின் புகைப்படம் ஒட்டியிருப்பார்கள். மறுக்கப்பட்டவர்களின் படத்தை யார் ஒட்டுவார்கள்? இணைய மதிப்புரைகளிலும் ஐந்து நட்சத்திரங்கள் எழுதப்பட்ட தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் ஆஃபர் வந்த வாரம், விசா வந்த வாரம். உண்மை தெரிவது அங்கே போய் ஆறு மாதம் கழித்து. ஆகவே அதே கன்சல்டன்ட் வழியாக இரண்டு வருடத்துக்கு முன் போன ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள், அவர்கள் கொடுக்கும் எண்ணில் இல்லாமல் லிங்க்ட்இனில் நீங்களாகத் தேடி. படிப்பின் பெயரும் பல்கலைக்கழகமும் போட்டால் கிடைப்பார்கள், பத்துப் பேருக்கு எழுதினால் மூன்று பேராவது பதில் போடுவார்கள். இந்த உரையாடல்கள் எந்த கவுன்சிலிங்கையும்விட உருப்படியானவை என்பது என் அனுபவம்.

உங்கள் முன்னால் உட்கார்ந்து பேசுகிற கவுன்சிலருக்கும் மாதா மாதம் டார்கெட் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நிறைய இடங்களில் வேலைக்கு வந்து சில மாதமே ஆன பிள்ளைகள்தான், அவர்களும் பாவம், அந்த நாடுகளைப் பார்த்திருக்க மாட்டார்கள், கையில் கொடுத்த ஸ்கிரிப்டைப் பேசுகிறார்கள். முதல் நாள் இனிக்க இனிக்கப் பேசியவர் ஒருவர், ஃபைலைப் பார்ப்பவர் இன்னொருவர், விசா சமயத்தில் மூன்றாவது ஆள். என் ஃபைலைக் கடைசி வரை யார் பார்ப்பார், அவர் போய்விட்டால் யார் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

பணம் கட்டுவதில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்விக் கட்டணமும் டெபாசிட்டும் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கோ அது சொல்லும் பணப் பரிமாற்றத் தளத்துக்கோ நேராகப் போக வேண்டும், கன்சல்டன்ட்டின் கணக்குக்குப் போகக் கூடாது. விசாக் கட்டணமும் அப்படியே. ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு மட்டும் 2025 ஜூலையிலிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர், மறுத்தாலும் திரும்ப வராது, அவ்வளவு பெரிய தொகைக்கு ரசீது உங்கள் பெயரில் வர வேண்டாமா? கன்சல்டன்ட்டுக்கே கட்டணம் கொடுக்கிறீர்கள் என்றால், அட்மிஷன் கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப, விசா மறுத்தால் எவ்வளவு, நீங்களே மனம் மாறினால் எவ்வளவு என்று தாளில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். அசல் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்கும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்க்க வேண்டும் என்றால் உங்கள் முன்னால் பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். வேறு இடத்துக்குப் போகிறேன் என்றதும் சான்றிதழைத் தர மறுத்து இழுத்தடித்த கதைகள் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே உண்டு.

சரி, கன்சல்டன்ட்டே வேண்டாம் என்றால் முடியுமா? தாராளமாக முடியும். கமிஷன் கணக்கில் கன்சல்டன்ட் வழியாகப் போனால் உங்களுக்குக் கட்டணம் கூடுவதில்லை என்பது போலவே, நேராகப் போனால் இடம் கிடைக்காது என்பதும் இல்லை. அமெரிக்க முதுகலைப் படிப்புகளுக்கு, அதுவும் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு, ஏஜென்ட் வழி என்பதே பல இடங்களில் கிடையாது, எல்லோரும் நேராகத்தான் விண்ணப்பிக்கிறார்கள். யூகே இளங்கலைக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதவும் நீண்ட பக்கங்களைப் பொறுமையாகப் படிக்கவும் ஓர் எக்செல் தாளில் தேதிகளைக் குறித்து வைக்கவும் முடிந்தவருக்கு எதிலும் பெரிய மர்மம் இல்லை. வேலையும் பார்த்துக்கொண்டு, வீட்டில் கேட்க யாரும் இல்லாமல், இரண்டு மூன்று நாடுகளுக்கு ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கிறவர் கன்சல்டன்ட்டை வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது.

கடைசியாக அவசரப்படுத்துவதைப் பற்றி. "இன்னிக்கு டெபாசிட் கட்டினாத்தான் சீட், நாளைக்கு இன்டேக் மூடிடும்" என்று ஒரு அழைப்பு நிச்சயம் வரும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும், ஆகவே சண்டை போடாமல், கெடு தேதி ஆஃபர் லெட்டரில் எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று வேலை நாளில் பதில் வந்துவிடும். அந்தத் தேதிக்குள் நம்பிக்கை போய்விட்டது என்றால் ஏஜென்ட்டை மாற்றவோ நீக்கவோ பல பல்கலைக்கழகங்களில் படிவம் இருக்கிறது, நீங்கள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ஆனால் விண்ணப்பம் உள்ளே போன பிறகு, முக்கியமாக ஆஃபரை ஏற்றுக்கொண்ட பிறகு, மாற்ற அனுமதிக்காத இடங்களும் நிறைய. அதனால் அலுவலகத்தில் முதல் நாள் நீட்டும் "உங்கள் சார்பில் செயல்பட அனுமதிக்கிறேன்" என்ற தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடாமல், எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தத் தேதி வரை என்று அதில் எழுதச் சொல்லி, ஒரு நகல் வாங்கிக்கொண்டு வீட்டில் போய்ப் படித்துவிட்டுப் போடுங்கள்.